சத்தம் வருகிறது, படம் இல்லையா? பேனலைக் குறை சொல்லாதீர்கள்

பட்ஜெட் 43 இன்ச் டிவிகளில் சீக்கிரமே 'பேனல் போய்விடுகிறது' என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். சத்தம் வந்து திரை மட்டும் கறுப்பாக இருந்தால், பெரும்பாலும் போயிருப்பது படத்தைக் காட்டும் பேனல் அல்ல, அதன் பின்னால் இருந்து வெளிச்சம் தரும் பேக்லைட். அறையை இருட்டாக்கி டிவியை ஆன் செய்து, திரையருகே டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். படம் மங்கலாக அசைந்தால் பேனல் நன்றாக இருக்கிறது. புது டிவி விலைக்குப் பேனல் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடமும் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

பேக்லைட்டில் இருக்கும் எல்இடி பட்டைகள் பொதுவாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு எல்இடி அறுந்தாலும் வரிசை முழுவதும் அணையும். மாற்றினால் எல்லாப் பட்டைகளையும் செட்டாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் வெளிச்சம் திட்டுத் திட்டாக இருக்கும், பழையவையும் ஒவ்வொன்றாகப் போகும்.

எல்இடியைக் கொல்வது சூடுதான். கடையில் பளிச்சென்று காட்ட வைத்த 'விவிட்' மோடில் பேக்லைட் 100-இல் நிற்கும். வீட்டுக்கு 50, 60 தாராளம். குறைக்க வேண்டியது 'பேக்லைட்' அளவை. பல மாடல்களில் 'பிரைட்னஸ்' கறுப்பின் அளவை மட்டுமே மாற்றும்.

ஸ்மார்ட் டிவி மந்தமாவது தனிக்கதை. 1 ஜிபி ரேம், 8 ஜிபி ஸ்டோரேஜ் உள்ளவற்றில் சிஸ்டம் போக மிஞ்சும் இடம் சொற்பம். வேண்டாத ஆப்களை நீக்கி, கேஷை (ஆப்கள் சேர்த்து வைக்கும் தற்காலிகத் தரவை) அழித்து, பிளக்கை ஒரு நிமிடம் கழற்றி மாட்டுங்கள். ரிமோட்டில் அணைப்பது வெறும் ஸ்டாண்ட்பை, ரீஸ்டார்ட் ஆகாது.

சவுண்ட்பார் வாங்கினால், அதன் எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் 'ஏஆர்சி' (ARC, டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் வசதி) என்று எழுதிய துளையில் மட்டும் செருகுங்கள்.