அந்த வாழைப்பழத்தை எத்தனை பேர் பார்த்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புக் கதை நேரத்தில் நடந்தது பாதிப் பேருக்குத் தெரியும். நான் வாசித்து முடித்ததும் ஒரு பெரியவர் கேட்டார்: "இதில் நீதி எங்கே சார்? அப்பனை மோசமாகக் காட்டுகிற கதையைப் பிள்ளைகளுக்கு வாசிக்கலாமா?" அதற்குக் கைதட்டல் வேறு.

நான் வாசித்தது இங்கிலாந்துக்காரர் ஆந்தனி பிரௌன் எழுதி வரைந்த 'கொரில்லா'. 1983இல் வந்து, சிறுவர் நூல் ஓவியத்துக்கான பிரிட்டனின் கேட் கிரீனவே பதக்கம் வாங்கிய படக்கதை. சிறுமி ஹன்னாவுக்குக் கொரில்லா என்றால் உயிர். அப்பாவுக்கோ நேரமில்லை. காலைச் சாப்பாட்டில் அவர் முகத்தை மறைத்துச் செய்தித்தாள், சமையலறை முழுக்கச் சில்லென்ற நீலம். அவரைத் திட்டி ஒரு வரி கிடையாது. படம்தான் பேசுகிறது. படத்தைப் பாருங்கள் என்றுதான் அன்றைக்கும் தொண்டை வற்றக் கத்தினேன்.

பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி பொம்மைக் கொரில்லா நிஜமாகி, அப்பாவின் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொள்கிறது. அளவு கச்சிதம். அப்பாவைக் கேவலப்படுத்த நினைப்பவர் அவர் கோட்டை எதற்குக் கொரில்லாவுக்குப் போட்டுவிடுகிறார்? பிரௌன் பதினேழு வயதில் அப்பாவை இழந்தவர், ஐயா. மறுநாள் ஹன்னாவின் அப்பாவே மிருகக்காட்சி சாலைக்குக் கூப்பிடுகிறார். பின்பாக்கெட்டில் ஒரு வாழைப்பழம். எழுத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. கண்டுபிடித்தது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. பெரியவர்கள் நீதி தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா எங்கே?" என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. புத்தகம் சொல்லவில்லை, விடுங்கள். "வெள்ளைக்காரன் கதை நமக்கெதற்கு" என்றவரே, உங்கள் பேத்தியின் தண்ணீர் பாட்டிலில் சிரிக்கிற எலிக்கு எந்த ஊர்?

1985இல் வண்டலூர் உயிரியல் பூங்கா திறந்தபோது எனக்கு எட்டு வயது. வீடு தாம்பரம். நடுவில் பெருங்களத்தூர், அடுத்தது வண்டலூர், அவ்வளவுதான் தூரம். "வர்ற ஞாயித்துக்கிழமை" என்பார் அப்பா. ஞாயிறு வரும், கூடவே ஆபீஸ் கணக்கு நோட்டும் வரும். அவர் கெட்டவர் என்று நான் சொன்னேனா? மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். அவர் போன பிறகு ஒருநாள் அவர் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். தோளில் தொளதொளவென்று தொங்கியது.

சரி, இதை எதற்கு இங்கே கொட்டுகிறேன். அப்பாவை மோசமாகக் காட்டுகிறேன் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்களே, அதுதான் இன்னும் அறுக்கிறது.

அடுத்த வாரம் அந்தப் பெரியவரே நீதிக்கதை வாசிக்கட்டும். நாற்காலி நான் போடுகிறேன்.