படுத்திருந்தால் தூக்கம் என்று யார் சொன்னது?

முந்தாநாளிலிருந்து எல்லோருடைய கைபேசியிலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள் என்பதால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. பூங்காவில் யோகா பயிலும் நாங்கள் புல்தரையில் படுத்திருப்பதைப் படம் பிடித்து, ‘பூங்காவில் குறட்டை யோகா’ என்று தலைப்பிட்டு, பின்னணியில் தாலாட்டு இசையும் சேர்த்து வெளியிட்டிருக்கிறார்கள். அதில் இடது ஓரத்தில் நீல விரிப்பில் படுத்திருப்பவள் நான்தான். நான் தூங்கவில்லை, பயிற்சியின் முடிவில் அசையாமல் மல்லாந்து படுத்து உடலைத் தளர்த்தும் சவாசனத்தில் இருந்தேன்.

படம் பிடித்தவர் எங்கள் பயிற்சியின் கடைசிச் சில நிமிடங்களை மட்டும் எடுத்திருக்கிறார். அதற்கு முன்பு நாங்கள் ஒற்றைக் காலில் நின்றதையும், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி மூச்சுக்கு ஏற்ப முதுகை ஏற்றி இறக்கியதையும், முழங்கால் மடங்காதவர்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே அதே ஆசனங்களைச் செய்ததையும் அவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் அவற்றில் சிரிப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. புல்தரை சமமாக இராது. அதில் ஒற்றைக் காலை ஊன்றினால் கால்விரல்கள் தாமாகவே தரையைப் பற்றப் பார்க்கும். கணுக்கால் இடமும் வலமுமாக ஓயாமல் நடுங்கித் திருத்திக்கொள்ளும். வழவழப்பான தரையில் நின்று பழகியவர்கள் ஒருமுறை புல்லில் நின்று பார்த்துவிட்டு, அதன் பிறகு சிரிக்கட்டும்.

எனக்கு இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. காதில் வந்த கோளாறால் தலைசுற்றி விழுந்த பிறகு, வெகுகாலம் சுவரைப் பிடிக்காமல் நடக்கவே பயந்தவள் நான். இதே பூங்காவில்தான், ஒரு மரத்தின்மேல் உள்ளங்கை முழுவதையும் பதித்துக்கொண்டு மறுகாலைத் தூக்கப் பழகினேன். பிறகு விரல் நுனிகள் மட்டும், அதற்கும் பிறகு ஒரே ஒரு விரல் என்று வந்து, ஒரு நாள் அந்த விரலையும் எடுத்தேன். அதைப் படம் பிடிக்க அன்று யாரும் வரவில்லை. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலிமைக்கும் முக்கியத்துவம் தரும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தக் காணொளியில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் அந்த வயதினர். அவர்கள் செய்தது அதைத்தான்.

‘இதெல்லாம் ஒரு யோகாவா?’ என்று அந்தக் காணொளியின் பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறார் ஓர் அறிஞர். ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சொன்னது. தலைகீழாக நின்றால்தான் ஒப்புக்கொள்வேன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. எங்களில் கண் நீர் அழுத்த நோய் உள்ளவர் தலையைத் தாழ்த்தக் கூடாது. எலும்பு தேய்ந்தவர் முன்புறமாக ஆழ்ந்து வளையக் கூடாது. அவரவர் உடலுக்கு ஏற்பக் குறைத்துச் செய்வதும் பயிற்சியே.

வீட்டிலேயே செய்யலாமே என்கிறார்கள். செய்யலாம். ஓடுகிறவர்களும் வீட்டிலேயே ஓடலாமே! அவர்களிடம் மட்டும் ஏன் யாரும் அப்படிக் கேட்பதில்லை?

புல் பாழாகிறது என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. ஒரே இடத்தில் நாள்தோறும் விரிப்பைப் போட்டால் புல் மஞ்சளாகிவிடும் என்பதால் நாங்கள் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறோம், மழை பெய்த மறுநாள் புல்லின் பக்கமே போவதில்லை. நடைபாதையை ஒருபோதும் மறித்ததில்லை, ஒலிபெருக்கியும் வைத்ததில்லை. இதற்குமேல் காற்றில் மிதந்தால்தான் உண்டு.

பொது இடத்தில் யாரும் படம் எடுக்கலாம் என்பவர்களுக்கு ஒரே கேள்வி: பொது இடத்தில் யாரும் படுக்கக் கூடாதா? 2014இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஜூன் 21ஐ யோகா நாளாக அறிவித்தது. அந்த நாள் வந்துவிட்டால் இதே பூங்காக்களில் விரிப்புகளை வரிசையாகப் போட்டுப் படம் எடுத்துப் பதிவிடுகிறவர்கள் யார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அன்றைக்குப் படுத்தால் அது பெருமை, மற்ற நாள்களில் படுத்தால் குறட்டையா?

‘சும்மா சிரிப்புக்காகத்தானே, இதைப் போய்ப் பெரிதுபடுத்துகிறீர்களே’ என்பதுதான் என்னை மிகவும் நோகச் செய்தது. காணொளியில் நாற்காலியில் இருந்த அம்மாவின் பேரன் வரை அது போய்ச் சேர்ந்திருக்கிறது. பின்னூட்டங்களில் அவருடைய உடல் பருமனைப் பற்றி எழுதியிருந்ததை அந்தப் பையனே அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். பல மாதத் தயக்கத்துக்குப் பிறகு வெளியே வந்தவர் அவர். நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தால், கால் வலி என்று மட்டும் சொல்கிறார்.

காணொளியை நீக்க மனம் இல்லையென்றால் அவர் முகத்தையாவது மறையுங்கள். என் முகம் அப்படியே இருக்கட்டும். அந்தப் பின்னூட்டங்களுக்கு விருப்பக்குறி இட்டவர்களில் என் நட்புப் பட்டியலில் இருந்த எல்லோரையும் இன்று காலை நீக்கிவிட்டேன். விளக்கம் கேட்டு யாரும் உள்பெட்டிக்கு வர வேண்டாம்.