மே மாசத்துல ஸ்கூல் வாசல்ல ஆள் எண்றாங்க!

"பாதசாரிகள் எண்ணிக்கை குறைவு, கிராஸிங் அவசியமில்லை." ஸ்கூல் வாசல் ரோட்டுக்கு இப்படி இன்னொரு ரிப்போர்ட்! பின் இணைப்புல தேதியைப் பார்த்தா மே மாசம். நேரம் 11 மணிலேர்ந்து 1 மணி வரை. பிளஸ் ஒன் பசங்களுக்கு அரசாங்கமே இலவச சைக்கிள் கொடுக்குது. அந்த சைக்கிளெல்லாம் ரோட்டுக்கு வர்றதே ஸ்கூல் நாள்ல, மணி அடிக்கிறதுக்கு முன்னாடி அரைமணி, விட்டப்புறம் அரைமணி. லீவுல உச்சி வெயில்ல யாரைய்யா எண்ணினீங்க?

அவங்க எண்ணின ஷீட்டைப் பார்த்தா வயிறு எரியுது. கார், பஸ், லாரி, டூவீலர், ஆட்டோ எல்லாத்துக்கும் தனித்தனி கட்டம். சைக்கிளும் மாட்டுவண்டியும் ஒரே கட்டத்துல. நடக்கறவங்களுக்குக் கட்டமே இல்ல, ஓரத்துல பேனாவால கிறுக்கியிருக்கு. 15 நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதணும். இங்க ரெண்டு மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணு, அதுவும் முழு நூறா! நாலு கோடு, குறுக்கே ஒண்ணுன்னு போட்டு எண்ணியிருந்தா இப்படி வருமா? இது உக்காந்து எழுதின எண்ணு. அதுலயும் ஜீப்ரா கோட்டு மேல போனவங்க மட்டும். அந்தக் கோடு அழிஞ்சே போச்சு, ஜனம் பஸ் ஸ்டாப் பக்கம் தாண்டுது. அவங்க கணக்குலயே இல்ல.

இதனால என்ன ஆகும் தெரியுமா? ஐஆர்சி 103-னு, நடக்கறவங்க வசதிக்காக இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் போட்ட வழிகாட்டி ஒண்ணு இருக்கு. அது சொல்ற கணக்கு: பீக் ஹவர்ல ரோட்டைத் தாண்டுற ஆட்கள் எண்ணிக்கையை வண்டி எண்ணிக்கையோட வர்க்கத்தால பெருக்கணும். மீடியன் (நடுத்தடுப்பு) இல்லாத ரோட்டுல 10 கோடிக்கு மேல போனா கிராஸிங் கேட்கலாம். 400 பேர், 600 வண்டின்னா 14.4 கோடி. பாதிப் பேரை விட்டுட்டா 7.2 கோடி. அவ்வளவுதான், ஃபைல் மூடியாச்சு.

சென்சார் வெச்சா சரியாயிடும்னு ஒரு கூட்டம். இன்ஃப்ராரெட் சென்சாருக்கு மூணு பசங்க தோள்ல கை போட்டு நடந்தா ஒரே ஆள். கொஞ்ச நேரமாவது கையால எண்ணி ஒப்பிட்டு, விட்டுப்போனதை ஈடுகட்ட சென்சார் எண்ணை எத்தனையால பெருக்கணும்னு கண்டுபிடிக்கணும். அதை யார் செய்றா? ஸ்கூல் திறந்த வாரநாள், காலை 7-10, மாலை 4-7, ரோட்டோட ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஆள், சைக்கிளுக்கும் நடக்கறவங்களுக்கும் தனித்தனி ஷீட். இதுக்குக்கூடவா காசில்ல?

அப்புறம், ரோட்டைத் தாண்ட அமுக்கச் சொல்ற அந்த சிக்னல் கம்பத்து பட்டன்! எத்தனை அமுக்கு அமுக்கினாலும் பச்சை வராது. உள்ள ஒயரே இல்லைன்னா அதை ஏன்யா அங்க மாட்டி வெச்சிருக்கீங்க?