அந்த ஒரு வருடச் சம்பளம்

நேற்று நைட் டியூட்டி. மூன்று மணி வாக்கில் வார்டு கொஞ்சம் ஓய்ந்திருந்தது. எங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, டிப்ளமோவுக்கு ஃபீஸ் சேர்த்துட்டேன், சீட்டுப் பணம் எடுத்தாச்சு. ஆனா ஒரு வருஷம் சம்பளம் இல்லாம எப்படிக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு மூன்று வயதில் பெண் குழந்தை. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். என்னிடம் பதில் இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு நானும் நின்றிருக்கிறேன்.

நர்சிங் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜி.என்.எம். என்னும் அடிப்படை நர்சிங் டிப்ளமோ ஆனாலும் பி.எஸ்சி. நர்சிங் ஆனாலும் எல்லாத் துறையும் கொஞ்சம் கொஞ்சம் படிப்போம். ஒரு துறையில் ஆழமாகத் தேற வேண்டுமென்றால் இந்திய நர்சிங் கவுன்சிலின் போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கிறது. தீவிர சிகிச்சை, அவசர சிகிச்சை, புற்றுநோய், சிறுநீரகம், ஆபரேஷன் தியேட்டர், மனநலம், பச்சிளங்குழந்தை என்று தனித்தனியாக, ஒவ்வொன்றும் ஒரு வருடம். பாடத்திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலும் வார்டிலேயே நின்று கற்றுக்கொள்ளும்படிதான் அமைத்திருக்கிறார்கள். ஆனால் முழுநேரப் படிப்பு. சில பெரிய மருத்துவமனைகளில் உதவித்தொகை கிடைக்கும். மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இந்தப் படிப்பு உண்மையிலேயே தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. தேவை. என் வார்டிலிருந்தே ஒன்று சொல்கிறேன். இருபத்தெட்டு வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுக்கிறோம். மானிட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 99 சதவீதம் என்று காட்டினால் புதிதாக வந்த நர்சுக்கு நிம்மதியாக இருக்கும். குழந்தை நன்றாக மூச்சு விடுகிறது என்று நினைப்பாள். குறைமாதக் குழந்தைக்கு அந்த எண் ஆபத்து. 90க்கும் 95க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையே போகலாம். 34 வாரத்துக்கு முன் பிறந்ததோ, இரண்டு கிலோவுக்குக் குறைவானதோ, பிறந்த நான்கு வாரத்துக்குள் கண்ணைப் பரிசோதித்துவிட வேண்டும். அந்தத் தேதியை அம்மாவிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதி, டிஸ்சார்ஜ் அன்று இன்னொரு தடவை சொல்லி அனுப்ப வேண்டியவள் நர்ஸ். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விடுவார். இரவு முழுக்க அலாரத்துக்கு எழுந்து ஓடுபவர்கள் நாங்கள்தான்.

எனக்கு இது ஜி.என்.எம்.மில் கிடைத்த பாடமில்லை. எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர்தான் சொல்லித் தந்தார். இருபது வருடம் வார்மர் பக்கத்திலேயே, அதாவது குழந்தையைச் சூடாக வைக்கும் படுக்கை பக்கத்திலேயே, நின்றவர். என் கையைப் பிடித்து அலாரம் எல்லையை மாற்றி வைக்கச் சொல்லி, ஏன் என்று என்னையே விளக்கச் சொன்னார். அவரிடமும் எந்தச் சிறப்புச் சான்றிதழும் கிடையாது. அவர் ஓய்வு பெற்ற அன்று அத்தனை அறிவும் அவரோடு கிளம்பிப் போனது. நாங்கள் நாலைந்து பேர் பிடித்து வைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் நான் டிப்ளமோ படிக்க ஆசைப்பட்டேன். அப்போது வேறொரு மருத்துவமனையில் இருந்தேன். பெயர் வேண்டாம். வேலையில் சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள், இரண்டு வருடம் வேலையை விடக் கூடாது என்று பாண்டு. பாண்டு முடிந்ததும் போய்க் கேட்டேன். "ரிசைன் பண்ணிட்டுப் போம்மா, திரும்பி வந்தா வேலை இருந்தா பார்க்கலாம்" என்றார்கள். அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். தம்பி பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். என் சம்பளத்தில்தான் வாடகை. கல்லூரிக் கட்டணத்தைக்கூட கடன் வாங்கிக் கட்டியிருப்பேன். பன்னிரண்டு மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பாமல் இருக்க முடியவில்லை. விண்ணப்பத்தை நிரப்பி, அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

அதனால் "சிறப்புப் படிப்புக்குக் கட்டணத்தைக் குறையுங்கள்" என்று யாராவது பேசும்போது எனக்குப் பாதி மனதுதான் ஒத்துக்கொள்கிறது. கட்டணம் குறைந்தால் நல்லதுதான். ஆனால் என் தங்கையைத் தடுப்பது அது இல்லை. அவளைத் தடுப்பது போகிற ஒரு வருடச் சம்பளம். அதைத் தொடாமல் கட்டணத்தில் மட்டும் கை வைத்தால், ஏற்கெனவே வசதியாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம் மலிவாகும், அவ்வளவுதான்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். அங்கே தீவிர சிகிச்சை நர்சுகளுக்கு சி.சி.ஆர்.என். என்று ஒரு சிறப்புச் சான்றிதழ். அதற்கு அவள் வேலையை விடவில்லை. பார்த்த வேலையையே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருடத்தில் 1,750 மணி நேரம் மோசமான நிலையில் உள்ள நோயாளிகளை நேரடியாகப் பார்த்திருக்க வேண்டும், அதில் பாதி கடைசி வருடத்தில் இருக்க வேண்டும். அப்புறம் தேர்வு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பச்சிளங்குழந்தைகளுக்கும் அதில் தனித் தேர்வு இருக்கிறது. தேர்வுக் கட்டணம் அங்கேயும் நர்சுகளுக்குச் சுமைதான். அதற்கும் சில இடங்களில் ஒரு வழி செய்திருக்கிறார்கள். நர்ஸ் முன்பணம் கட்ட வேண்டாம், தேறினால் மருத்துவமனை கட்டும், தவறினால் இன்னொரு வாய்ப்பு. இதைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. 1,750 மணி நேரத்தை நான் எத்தனை தடவை தாண்டியிருப்பேன்!

நம் ஊரில் இதை அப்படியே கொண்டுவர முடியாது என்று எனக்குத் தெரியும். அங்கே தேர்வு கணினியில் கொள்குறி வினாக்களாக நடக்கிறது. எங்களுக்கு அது மட்டும் போதாது, கை வேலையைப் பார்க்க வேண்டும். ஆனால் அனுபவத்தைக் கணக்கில் எடுப்பது என்ற அடிப்படையை எடுத்துக்கொள்ளலாமே. ஒரே பிரிவில் மூன்று வருடம் வேலை பார்த்தவளுக்கு செய்த வேலையைப் பதிந்து வைக்கும் லாக் புக் கொடுங்கள். மூச்சுக்கு உதவும் சிபேப் கருவியை மாட்டுவது, தொப்புள் ரத்தக் குழாயில் செருகிய டியூபைப் பராமரிப்பது, குழந்தையை நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை அம்மாவுக்குச் சொல்லித் தருவது என்று ஒவ்வொன்றையும் டாக்டரோ மூத்த சிஸ்டரோ பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். பாடத்தை வாரம் ஒரு நாள் வகுப்பாக வையுங்கள். இரண்டு வருடம் ஆனாலும் பரவாயில்லை. செய்முறைத் தேர்வை அரசு மருத்துவக் கல்லூரியில் நடத்துங்கள். 2022 ஜனவரியில் மட்டும் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். விருதுநகரிலும் ராமநாதபுரத்திலும் இருக்கும் நர்ஸ் தேர்வுக்காகச் சென்னைக்கோ வேலூருக்கோ பெட்டி தூக்க வேண்டிய காலம் போய்விட்டது.

இன்னொன்று, மொழி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள் எங்களில் ஏராளம். மருந்தின் அளவை நொடியில் கணக்குப் போட்டுவிடுவார்கள், அதை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் விளக்கி எழுதச் சொன்னால் திணறுவார்கள். மருந்துப் பெயரும் கருவிப் பெயரும் ஆங்கிலத்தில் இருக்கட்டும், விளக்கத்தைத் தமிழிலும் எழுதலாம் என்று விடுங்கள். அம்மாக்களிடம் நாங்கள் விளக்குவது தமிழில்தானே.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு ஒருவருக்கு ஒருவர் என்று நர்ஸ் வேண்டும். ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை. ஒருத்தி ஒரு வருடம் போய்விட்டால் ரோஸ்டர், அதாவது டியூட்டி அட்டவணை, உடைந்துவிடும். அதனால்தான் வாரம் ஒரு நாள் என்கிறேன்.

"படிக்க வைத்தால் வெளிநாட்டுக்குப் பறந்துவிடுவார்கள்" என்பதுதான் அடிக்கடி கேட்கும் பேச்சு. இதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. படிக்க வைக்காமலேயே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். 2015இல் தமிழக அரசு தேர்வு வைத்து எடுத்த ஒப்பந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் 20,000க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. இன்றைக்கும் அதைவிடக் குறைவாக வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். சான்றிதழ் வாங்கிய அடுத்த மாதமே சம்பளம் ஏறினால், சொந்த ஊரை விட்டு எவள் கிளம்புவாள்? டிப்ளமோ முடித்து வந்தும் பழைய சம்பளத்திலேயே, அதே பொது வார்டில் போட்டு வைத்திருக்கும் கொடுமையையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கவுன்சிலும் பல்கலைக்கழகமும் எப்போது அசையும் என்று காத்திருக்க முடியாது. இப்போது வேலை பார்க்கும் இடத்தில் எங்கள் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடம் காது கொடுத்துக் கேட்பவர். வரும் புதன்கிழமை பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். காலையில் டியூட்டி முடிந்து வந்து தூங்காமல் ரோஸ்டரை எழுதிப் பார்த்தேன். தங்கை டிப்ளமோவுக்குப் போகும் ஒரு வருடமும் பாதிச் சம்பளம் கொடுத்தால், திரும்பி வந்து இரண்டு வருடம் இங்கேயே இருப்பதாக அவள் எழுதித் தருவாள். சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்திருக்கிறேன். அவள் இடத்தை நிரப்ப மாதம் எட்டு நைட் கூடுதலாக வேண்டும். நான் மூன்று எடுத்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு பேரிடம் பேசியாகிவிட்டது. ஒருத்தி மூன்று ஒப்புக்கொண்டாள், இன்னொருத்தி ஒன்று. மீதி ஒரு நைட்டுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.