திருநர் என்பது மனநோயா? சுற்றும் படம் பழையது

"திருநர்களுக்கு மனநோய் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அவர்களை வேலைக்கு எடுக்குமுன் மனநலச் சான்று கேட்க வேண்டும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ஆதாரமாக எஃப்64 என்ற குறியீடு உள்ள பக்கத்தின் படம்.

படம் போலி இல்லை, காலாவதியானது. அது உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 10-ஆம் பதிப்பு; அதில் எஃப்64 என்ற பாலின அடையாளக் குறியீடு மனநல அத்தியாயத்தில் இருந்தது. 2019 மே மாதம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 11-ஆம் பதிப்பில் பாலின அடையாளம் பற்றிய பகுதி மனநல அத்தியாயத்திலேயே இல்லை. பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்படியானால் முழுவதுமாக ஏன் நீக்கவில்லை? ஹார்மோன் சிகிச்சை, அறுவை சிகிச்சை தேவைப்படுவோருக்கு மருத்துவமும் காப்பீடும் கிடைக்க ஒரு குறியீடு வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் மனநோய்களை வரையறுக்கும் தன் 2013 கையேட்டில், பாலின அடையாளம் மாறுபடுவது தன்னளவில் மனநோய் அல்ல என்று தெளிவாக்கியது.

சரி, மன அழுத்தமே இல்லையா? பலருக்கு உண்டு. கேலியும் ஒதுக்கலும் அதற்குப் பெரிய காரணம். அலுவலகத்தில் அதைக் குறைக்கும் வேலைகள் சின்னவை: அடையாள அட்டை, மின்னஞ்சல், வருகைப் பதிவு மூன்றிலும் திருநர் ஊழியரின் பழைய பெயரை அவர் வைத்துக்கொண்ட புதுப் பெயராக ஒரே நாளில் மாற்றுவது. ஒன்றில் பழைய பெயர் தங்கினாலும் தினமும் யாரோ ஒருவர் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்.