கேமரா வாங்கினால் ஆன்லைன் வகுப்பு நடந்துவிடாது

‘நல்ல கேமராவும் வைஃபையும் போதும், வகுப்பறைப் பாடத்தை அப்படியே ஆன்லைனில் நடத்தலாம்’ என்று பலர் நினைப்பது தவறு. முதலில், கேமராவைவிட மைக்தான் முக்கியம். முகம் மங்கினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள்; குரல் எதிரொலித்தால் கிளம்பிவிடுவார்கள். அடுத்து, ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘யெஸ் மிஸ்’தான். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கணக்கு கொடுங்கள். பிள்ளைகள் விடையைச் சாட் பெட்டியில் தட்டி வைத்துக்கொண்டு, நீங்கள் சொன்னதும் ஒன்றாக அனுப்பட்டும். இல்லையென்றால் முதலில் வந்த விடையை மற்றவர்கள் காப்பியடிப்பார்கள். வியாசர்பாடியில் அப்பா போனில் பார்க்கிற பிள்ளைக்கு ஸ்லைடில் பொடி எழுத்து தெரியாது. வகுப்பறை நேரமும் அப்படியே பொருந்தாது: ஆன்லைன் வகுப்புகளுக்காக மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டுதல், 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு அமர்வுதான், ஒவ்வொன்றும் 30–45 நிமிடம் என்றது.