"கர்த்தருக்குச் சித்தமானால்" என்று டைப் பண்ணுவதற்கு முன்

ஞாயிறு ஆராதனை முடிந்து மண்டபத்தில் பசியாறும்போது கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். மலேசியாவில், கோலாலம்பூர்ப் பக்கம் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், பூச்சோங் என்று எந்தச் சபையானாலும் "கர்த்தருக்குச் சித்தமானால்" என்ற சொல் கண்டிப்பாகக் காதில் விழும். அதற்கு நாம் வைத்திருக்கும் பொருள்தான் வேறு. "கேரல் பயிற்சிக்கு வர்றீங்களா அக்கா?" என்ற கேள்விக்கு அந்தப் பதில் வந்தால், வரமாட்டார். "மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சா?" என்ற கேள்விக்கு வந்தால், பார்த்தாச்சு, உங்களிடம் சொல்லப் போவதில்லை. செயற்குழுவில் ஒருவர் "தாழ்மையோடு சொல்லிக்கொள்கிறேன்" என்று எழுந்தால் இன்னும் இருபது நிமிடத்துக்குத் தேநீர் கிடையாது.

சிரிக்கலாம். ஆனால் சுயசித்தத்தை ஒப்புக்கொடுப்பது எங்கே பழுதாகிறது என்பது இதில் அப்படியே தெரிகிறது. "உம் சித்தம்" என்று முடிக்கும்போது அது பழுதாவதில்லை. தொடங்கும்போதே பழுதாகிவிடுகிறது. நமக்கு என்ன வேண்டும் என்பதை ஆண்டவரிடம்கூட நேராகச் சொல்வதில்லை. சொல்லாத ஆசையை எப்படி ஒப்புக்கொடுப்பது?

மத்தேயு 26ஐ எடுத்து மெதுவாகப் படியுங்கள். பிடிபட்ட இரவில், கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்த இயேசு "உம் சித்தம்" என்று ஆரம்பிக்கவில்லை. இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் பாடு, நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று தமக்கு வேண்டியதை முதலில் சொல்கிறார் (39ஆம் வசனம்). அதன் பிறகுதான் "என் சித்தத்தின்படியல்ல". 42ஆம் வசனத்தில் ஜெபம் நகர்ந்துவிடுகிறது. முதல் தடவை "நீங்கக்கூடுமானால்". இரண்டாம் தடவை "நீங்கக்கூடாதாகில்". மூன்றாம் தடவையும் அதே வார்த்தைகள். தேவகுமாரனுக்கே ஒரே இரவில் மூன்று சுற்று. நாம் சாப்பாட்டு ஜெபத்தோடு சேர்த்து ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்கிறோம்.

செய்து பார்க்க ஒரு முறை இருக்கிறது. ஒரு தாள், ஒரு பேனா, பதினைந்து நிமிடம் போதும். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். வேண்டியதை ஒரே வரியில் எழுதுங்கள்: "ஆண்டவரே, என் மகன் டாக்டராகணும்." அதன் கீழே "ஏன்?" என்று போட்டுப் பதில் எழுதுங்கள். முதலில் வருவது அநேகமாகப் பக்தியான பதிலாக இருக்கும்: ஜனங்களுக்குச் சேவை செய்வான். விடாமல் இன்னொரு "ஏன்?" போடுங்கள். மூன்றாவது வரியில்தான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்: அண்ணன் மகன் டாக்டராகிவிட்டான், தீபகற்பம் முழுக்க உறவுக்காரர்களுக்குத் தெரியும். எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த பையனோ பாலிடெக்னிக்கில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கக் கேட்டுக்கொண்டிருப்பான். அந்த மூன்றாவது வரிதான் பலிபீடத்தில் வைக்க வேண்டியது. முதல் வரியை மட்டும் வைத்துவிட்டு வந்தால் மூன்றாவது வரி வீட்டில் பத்திரமாக இருக்கும்.

அடுத்து, கேட்டது கிடைக்காத முடிவை வாய்விட்டுச் சொல்லுங்கள். "அவன் மெக்கானிக் ஆனாலும் சரி." தொண்டை எங்கே அடைக்கிறதோ அங்கேதான் சுயசித்தம் உட்கார்ந்திருக்கிறது. அடைத்தால் பொய்யாக ஆமென் போட வேண்டாம். "இன்னும் முடியல ஆண்டவரே" என்பதும் ஜெபம்தான். மறுநாள் அதே தாளை எடுங்கள்.

இயேசு சபைத் துறவிகளின் சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் சொன்ன சில உபாயங்கள் இங்கே உதவும். இவரைக் கத்தோலிக்கர்களுக்கு மட்டும் விட்டுவைத்திருப்பது நமக்குத்தான் நஷ்டம். முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன ஆலோசனை சொல்வீர்களோ, அதையே நீங்கள் செய்யுங்கள் என்கிறார். மனம் வறண்டு இருண்டு கிடக்கும்போது, முன்பு தெளிவாக எடுத்த தீர்மானத்தை மாற்றாதீர்கள் என்கிறார். ஜெபிக்கப் பிடிக்காத நாளில், குறித்த நேரத்தைவிடக் கொஞ்சம் கூடவே இருங்கள் என்கிறார்.

தாழ்மைக்கு வருவோம். ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் என்கிற பெனடிக்ட் தம் மடத்து ஒழுங்கின் 7ஆம் அதிகாரத்தில் தாழ்மைக்குப் பன்னிரண்டு படிகள் வைத்தார். முதல் படி தேவபயம். தலைகுனிந்து நடப்பது பன்னிரண்டாவது படி, கடைசி. நாம் ஏணியைத் தலைகீழாகச் சாய்த்து வைத்திருக்கிறோம். குனிந்த தலையும் "அடியேன்" என்ற கையெழுத்தும் முதலில் வந்துவிடுகின்றன. ஏழாவது படி இன்னும் சங்கடமானது: நான் எல்லாரிலும் தாழ்ந்தவன் என்று நாவால் சொன்னால் போதாது, உள்ளத்தில் நம்ப வேண்டும். "நான் ஒன்றுமில்லை" என்று சாட்சி சொல்பவரிடம் "ஆமாம் அண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். (சொல்லாதீர்கள். சபை ரெண்டாகும்.) கொலோசெயர் 2:23இல் பவுல் இதற்கு வைத்த பெயர் "மாயமான தாழ்மை".

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொடுப்பது தேவனிடம், போதகரிடமோ கணவரிடமோ கமிட்டித் தலைவரிடமோ அல்ல. "தாழ்மையாயிரு" என்பது நம்மவர்களிடையே பல சமயம் கீழே இருப்பவரை வாயடைக்கும் பூட்டு. கெத்செமனேயில் ஒப்புக்கொடுத்த அதே இரவில், சேவகன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு கேட்டார்: நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்? (யோவான் 18:23). சித்தத்தை ஒப்புக்கொடுத்தவர் ஏன் என்று கேட்டார். வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம், தாழ்மையைப் போதிக்கும் பிலிப்பியர் 2ஐ வாசித்துக் காட்டாதீர்கள். அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசேயின் எண் 15999ஐக் கொடுங்கள்.

நம் சொந்த மானம் சம்பந்தப்பட்ட இடங்களில் கதை வேறு. மெதடிஸ்ட் சபைகளில் புத்தாண்டையொட்டி உடன்படிக்கை ஆராதனை நடக்கும். 1755இல் ஜான் வெஸ்லி தொடங்கிவைத்தது. உமக்காக என்னைப் பயன்படுத்தினாலும் சரி, ஒதுக்கிவைத்தாலும் சரி என்று எல்லாரும் சேர்ந்து சொல்கிறோம். பிறகு பாடகர் குழுப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வருகிறது, தனிப்பாடலுக்கு வேறொரு பெயர். உடனே ஒருவர் குழுவை விட்டு "லெஃப்ட்". ஒதுக்கிவைப்பதை ஆண்டவர் நேரில் வந்து செய்வார், பாடகர் குழுத் தலைவி மூலம் செய்யமாட்டார் என்று நினைத்துக்கொண்டோம் போல.

அப்படிப் பெயர் விட்டுப்போனால் 24 மணி நேரம் குழுவில் எதுவும் எழுதாதீர்கள். தாளை எடுத்து "எனக்கு அந்தப் பாட்டு வேணும்" என்று எழுதி, கீழே மூன்று "ஏன்?" போடுங்கள். மனம் இறங்கவில்லை என்றால் தலைவியிடம் தனியாக, ஒரே ஒரு தடவை கேளுங்கள். அவர் பதில் பிடிக்காவிட்டாலும் வியாழக்கிழமை பயிற்சிக்குப் போய், ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) வரிசையில் நின்று, பக்கத்தில் இருப்பவருக்குச் சுருதி பிசகாமல் பாடுங்கள்.